கார்டு நம்பர் போடுவதற்கு முன்

டிசம்பர் மூன்றாவது வாரம் பிறந்துவிட்டால் அந்தமானில் யாருக்கும் நின்று பேச நேரமிருக்காது. ஹாடோ ஜெட்டியிலிருந்து கிளம்பும் தனியார் கப்பல்கள் நிரம்பி வழியும். ஹேவ்லாக்கில் ராதாநகர் கடற்கரைப் பக்கம் ஓர் அறை கிடைத்தால் அதிர்ஷ்டம். வருஷத்துச் சம்பாத்தியத்தில் பெரும்பங்கு பொங்கலுக்குள் கைக்கு வந்துவிட வேண்டும் என்ற கணக்கில்தான் ஹோம்ஸ்டேகாரர், டைவிங் சென்டர்காரர், வண்டி வைத்திருப்பவர், டூர் நடத்துபவர் எல்லோரும் இங்கே தொழில் செய்கிறார்கள். இவர்களுக்குக் கணக்கு எழுதுவதும் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுவதும் என் வேலை. அலுவலகம் போர்ட் பிளேரில், கோல்கர் பக்கம். 2024 செப்டம்பரில் ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிவிட்டது. பேச்சில் மட்டும் இன்னும் போர்ட் பிளேர்தான்.

அந்த நெருக்கடியான வாரத்தில்தான் எனக்கு இந்தப் போன் வரும். "அக்கா, விளம்பரம் நின்னு போச்சு. அக்கவுண்ட்ல காசு இருக்கு, கார்டும் நல்லாத்தான் இருக்கு. என்னன்னு பாருங்க."

காசும் இருக்கிறது, கார்டும் சரியாக இருக்கிறது. அப்படியும் விளம்பரம் நிற்கிறது. இணைய விளம்பரத்தின் பணத் தகராறுகளில் பெரும்பாலானவை பில் வருகிற நாளில் உண்டாவதில்லை என்பது இத்தனை பேருடைய கணக்கைப் பார்த்து எனக்கு உறுதிப்பட்ட விஷயம். கணக்கைத் திறந்த அன்றைக்கே, யார் பெயர், எந்த ஊர், எந்தக் கார்டு, முன்பணமா பின்பணமா என்று கேட்ட இடங்களில் அவசரமாகத் தட்டிவிட்டுப் போனோமே, அங்கேயே அவை உண்டாகிவிடுகின்றன. சீசனில் வெடிக்கின்றன, அவ்வளவுதான்.

எங்கள் தீவுகளுக்கு இந்தப் பழக்கமே புதிது. 2020 ஆகஸ்ட் 10ஆம் தேதி சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே கடலடி ஃபைபர் கேபிள் செயல்பாட்டுக்கு வந்தது. சுமார் 2,300 கிலோமீட்டர் நீளம், 1,224 கோடி ரூபாய் செலவு. போர்ட் பிளேரோடு ஹேவ்லாக், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், ரங்கத் உள்ளிட்ட தீவுகளும் அதில் இணைந்தன. அதற்கு முன்பு சாட்டிலைட்தான். ஒரு படத்தை மெயிலில் அனுப்பிவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம். விளம்பரம் என்றால் மெயின்லேண்டில் உள்ள ஏஜெண்டிடம் சொல்லி வைப்பது என்று அர்த்தம். கேபிள் வந்த பிறகு நீல் தீவில் நான்கு அறை வைத்திருக்கும் குடும்பமும் கோயம்புத்தூரிலும் கொல்கத்தாவிலும் உள்ளவர்களின் போனில் நேராக விளம்பரம் காட்ட முடிகிறது. நல்லதொரு மாற்றம். ஆனால் நெட் வந்த வேகத்தில், அந்த விளம்பரத்துக்குப் பணம் எந்த வழியாகப் போகிறது என்பதை யாரும் இவர்களுக்கு உட்கார்ந்து சொல்லித் தரவில்லை.

முதலில் கார்டு சங்கதி. கூகுளோ, ஃபேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் நடத்தும் மெட்டாவோ, நம்மிடம் இரண்டு விதமாகப் பணம் வாங்குகின்றன. ஒன்று, விளம்பரம் ஓடிய பிறகு கார்டிலிருந்து தானாக எடுத்துக்கொள்வது. இன்னொன்று, நாம் முன்கூட்டியே பணம் கட்டி வைப்பது. போன் கனெக்‌ஷனில் போஸ்ட்பெய்டு, ப்ரீபெய்டு என்று இருக்கிறதே, அதே வித்தியாசம். பின்பண முறையில் மாதக் கடைசி வரை அவர்கள் காத்திருப்பதில்லை. ஒரு வரம்புத் தொகை வைத்திருப்பார்கள். செலவு அந்த வரம்பைத் தொட்டதும் கார்டில் எடுப்பார்கள், தொடாவிட்டால் பில் தேதியில் எடுப்பார்கள். ஒழுங்காகப் பணம் போகப் போக இந்த வரம்பை அவர்களே உயர்த்திக்கொண்டு போவார்கள். ஆகஸ்டில் சிறு தொகையாகப் போனது, டிசம்பரில் ஒரே தடவையில் பெரிய தொகையாகப் போகும்.

இங்கேதான் ரிசர்வ் வங்கியின் விதி குறுக்கே வருகிறது. கார்டிலிருந்து தானாகப் பணம் எடுப்பதற்கு 2019 ஆகஸ்டில் ஒரு சுற்றறிக்கை வந்தது. தள்ளிப்போய், 2021 அக்டோபர் 1 முதல் முழுமையாக அமலானது. நாம் ஒருமுறை ஓடிபி போட்டு இ-மேண்டேட் என்கிற சம்மதம் கொடுத்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறை பணம் எடுப்பதற்கும் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் வங்கி நமக்குத் தகவல் அனுப்ப வேண்டும். ஓடிபி இல்லாமல் ஒரு தடவைக்கு எடுக்கக்கூடிய உச்சத் தொகை அப்போது 5,000 ரூபாய். 2022 ஜூனில் அதை 15,000 ஆக்கினார்கள். அதற்கு மேல் ஒரு ரூபாய் கூடினாலும் ஒவ்வொரு முறையும் கார்டுக்காரர் ஓடிபி போட்டாக வேண்டும்.

இது நம்மைக் காப்பாற்றுவதற்காக வந்த விதி. நான் இதை முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் தீவில் இருப்பவருக்கு அந்த ஓடிபி எங்கே வந்து சேருகிறது என்று பார்க்க வேண்டும்.

நீல் தீவில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். அந்த அக்கா சமையலையும் அறைகளையும் பார்த்துக்கொள்வார். கணவர் விருந்தினர்களைக் கப்பலில் போர்ட் பிளேர் அழைத்து வருவதும் கொண்டுபோய் விடுவதுமாக இருப்பார். கார்டு அவர் பெயரில், ஓடிபி அவர் போனுக்கு. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், விளம்பரச் செலவு வரம்பைத் தொட்டு, 15,000-க்கு மேற்பட்ட தொகைக்கு வங்கி ஓடிபி கேட்டது. அந்த நேரத்தில் அவர் நடுக்கடலில். கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனாலே சிக்னல் அறுந்துவிடும். ஜெட்டியில் இறங்கி போன் உயிர் பெற்றபோது ஓடிபி காலாவதி. மறுபடி முயற்சி செய்ய வேண்டும் என்பதே அவருக்குத் தெரியவில்லை, ஏனென்றால் விளம்பரத் தளத்தின் அறிவிப்பெல்லாம் சென்னையில் படிக்கும் பையனுடைய மெயிலுக்குப் போய்க்கொண்டிருந்தது. புத்தாண்டுக்கு அறை தேடி ஜனங்கள் போனைத் தட்டிக்கொண்டிருந்த நாட்களில் அவர்கள் விளம்பரம் இருட்டில் கிடந்தது. அந்த அக்கா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "காசு கட்ட நாங்க ரெடியாத்தானே இருந்தோம்?"

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் சீசன் வியாபாரம் செய்யும் சிறிய ஆட்களிடம் நான் முன்பண முறையையே சொல்கிறேன். அக்டோபரில் கடல் அடங்கி ஆட்கள் வரத் தொடங்கும்போது ஒரு தொகை, டிசம்பர் பத்துக்குள் இன்னொரு தொகை. யுபிஐயிலோ நெட் பேங்கிங்கிலோ, போர்ட் பிளேரில் நல்ல சிக்னலில் உட்கார்ந்து கட்டிவிடலாம். கட்டியது தீர்ந்தால் விளம்பரம் நிற்கும், கடன் ஏறாது. கூகுளில் இந்த முறையைக் கணக்குத் திறக்கும்போதே தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு மாற்றுவது பெரும் சிரமம். பணம் எந்த நாட்டு நாணயத்தில் என்பதும் அப்படியே. ரூபாய் என்று ஒருமுறை வைத்தால் ரூபாய், டாலர் என்று தட்டிவிட்டால் அந்தக் கணக்கின் ஆயுசுக்கும் டாலர். டாலரில் போனால் வங்கியின் நாணய மாற்றுக் கட்டணமும் மேலே ஏறும்.

பின்பணம்தான் வேண்டும் என்பவர்கள், பெரிய ரிசார்ட் மாதிரி, கார்டில் இரண்டு விஷயங்களைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். 2020-க்குப் பிறகு புதிதாகக் கொடுக்கப்படும் கார்டுகளில் ஆன்லைன் உபயோகம் முதலில் மூடித்தான் இருக்கும். வங்கி ஆப்பில் போய் நாம்தான் திறக்க வேண்டும், தொகை வரம்பும் நாம்தான் வைக்க வேண்டும். இன்னொன்று, கார்டு காலாவதியாகிப் புதியது வந்தால் அதைத் தளத்தில் புதிதாகச் சேர்த்து, மேண்டேட்டும் புதிதாகக் கொடுத்துவிடுவது நல்லது. 2022 அக்டோபரிலிருந்து நம் கார்டு எண்ணைத் தளங்கள் தங்களிடம் வைத்துக்கொள்ள முடியாது, அதற்குப் பதிலாக டோக்கன் என்கிற மாற்றுக் குறியீடுதான். கார்டில் உள்ள காலாவதித் தேதியை இப்போதே பாருங்கள். நவம்பர், டிசம்பர் என்று போட்டிருந்தால் செப்டம்பரிலேயே வங்கியில் சொல்லிவிடுங்கள். புதுக் கார்டு மெயின்லேண்டிலிருந்து தபாலில் வந்து சேர வேண்டும்.

தினசரி பட்ஜெட் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். "ஒரு நாளைக்கு ஆயிரம்னு போட்டேன், ரெண்டாயிரம் எடுத்திருக்கான்" என்று சண்டைக்கு நிற்பவர்கள் உண்டு. கூகுளில் அந்த ஆயிரம் என்பது சராசரி. தேடல் அதிகமான நாளில் இரண்டு மடங்கு வரை போகலாம், மந்தமான நாளில் குறையும். மாதத்துக்கு 30.4 மடங்கு, அதாவது 30,400 ரூபாயைத் தாண்டிக் கணக்கில் ஏற்ற மாட்டார்கள். மெட்டாவில் வாரக் கணக்கு: ஏழு நாளில் ஏழாயிரத்தைத் தாண்டாது. மெட்டாவில் மொத்தக் கணக்குக்கும் சேர்த்து ஒரு செலவு உச்சவரம்பு வைக்கும் வசதியும் இருக்கிறது. அதைத் தொட்டதும் எல்லா விளம்பரமும் நின்றுவிடும். இந்த ஒரு கட்டத்தை நிரப்பியவர்கள் என்னிடம் அழுதுகொண்டு வந்ததில்லை.

அடுத்தது ஜிஎஸ்டி. எனக்குச் சொல்ல நிறைய இருப்பது இதில்தான்.

விளம்பரத்துக்கு 18 சதவீதம் வரி. பின்பணக் கணக்கில் 10,000 ரூபாய்க்கு விளம்பரம் ஓடினால் பில் 11,800 வரும். முன்பணக் கணக்கில் கட்டும் தொகைக்குள்ளேயே வரி அடங்கிவிடும். 11,800 கட்டினால் விளம்பரத்துக்கு மிஞ்சுவது 10,000. "கட்டின காசு குறையுதே" என்று வருபவர்களுக்கு இதுதான் பதில். யாரும் எடுத்துக்கொள்ளவில்லை, வரிக்குப் போயிருக்கிறது.

இந்த 18 சதவீதத்தைத் திரும்பப் பெற முடியுமா என்பது நீங்கள் என்ன தொழில் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. டைவிங் சென்டர்காரர் தன் வாடிக்கையாளரிடம் 18 சதவீதம் வாங்கி அரசுக்குக் கட்டுகிறார். அவர் விளம்பரத்துக்குக் கொடுத்த வரியை அதில் கழித்துக்கொள்ளலாம். சீசனுக்கு இரண்டு லட்சம் விளம்பரம் செய்தால் 36,000 ரூபாய் மிச்சம். ஒரு பயிற்சியாளரின் சம்பளத்துக்கு ஆகும். ஐந்து சதவீதத் திட்டத்தில் இருக்கும் டூர் ஆபரேட்டருக்கு அந்த உரிமை கிடையாது. 7,500 ரூபாய் வரை வாடகை வாங்கும் ஓட்டல் அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி 12-லிருந்து 5 ஆகக் குறைந்தது, கூடவே உள்ளீட்டு வரியைக் கழிக்கும் வசதியும் போய்விட்டது. விருந்தினருக்கு நன்மை, ஓட்டல்காரருக்கு விளம்பர வரி முழுதும் செலவு. ஆகவே அவர்கள் பட்ஜெட் போடும்போதே ஆயிரத்தை 1,180 என்று எழுத வேண்டும். சேவைத் தொழிலில் வருஷ வரவு 20 லட்சத்துக்குள் இருந்து ஜிஎஸ்டி பதிவே இல்லாதவருக்கும் இதே கணக்குத்தான்.

கழிக்கும் உரிமை இருப்பவர் ஒரே ஒரு வேலை செய்ய வேண்டும்: முதல் ரூபாய் செலவாவதற்கு முன் பேமெண்ட் ப்ரொஃபைலில் தன் ஜிஎஸ்டி எண்ணைப் போட வேண்டும். எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைச் சொல்லும். அந்தமான் நிக்கோபாருக்கு 35, தமிழ்நாட்டுக்கு 33.

ஹேவ்லாக்கில் ஒரு டைவிங் சென்டரின் பில்களை மேஜையில் பரப்பிப் பார்த்தபோது எல்லாம் அழகாக மாதவாரியாக அடுக்கப்பட்டிருந்தன. அக்டோபர் முதல் மார்ச் வரை ஒன்றுகூடக் குறையவில்லை. ஆனால் வாங்குபவர் கட்டத்தில் கடையின் பெயருக்குப் பதில் முதலாளியின் தம்பி பெயர், முகவரி சென்னை வடபழனி, ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டிய இடம் காலி. தம்பிதான் உதவியாகக் கணக்கைத் திறந்து கொடுத்திருந்தார். நல்ல மனசோடு செய்த உதவிதான். ஆனால் அந்த பில்களில் ஒன்றுகூட ஜிஎஸ்டிஆர் 2பி பட்டியலில் ஏறவில்லை. ஒவ்வொரு மாதமும் 14ஆம் தேதி போர்ட்டலில் தானாக வரும் அந்தப் பட்டியலில் இல்லாத வரியை நாங்கள் கழிக்க முடியாது. "பில்லு கையில இருக்கேக்கா" என்றார் முதலாளி. கையில் இருந்து பயனில்லை. வழங்கிய பில்லைப் பின்னால் போய்ப் பெயர் மாற்றித் தரச் சொன்னால் பெரும்பாலும் நடக்காது. அன்றே எண்ணைச் சேர்த்தோம். அதன் பிறகு வந்த பில்கள் பட்டியலில் வரத் தொடங்கின. முந்தின சீசனின் வரி போனது போனதுதான். கழிப்பதற்கும் காலக்கெடு உண்டு, நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 வரைதான்.

முகவரியை எப்படி எழுதுவது என்று இப்போது பலரும் கேட்கிறார்கள். போர்ட் பிளேரா, ஸ்ரீ விஜயபுரமா? ஹேவ்லாக்கா, 2018-இல் மாறிய ஸ்வராஜ் தீவா? என் பதில்: உங்கள் ஜிஎஸ்டி சான்றிதழில் என்ன இருக்கிறதோ அதை எழுத்துப் பிசகாமல் எழுதுங்கள். கடைப் பெயரும் அப்படித்தான். விளம்பரதாரர் யார் என்று சரிபார்க்க ஆவணம் கேட்பார்கள். அப்போது பெயர் பொருந்தாவிட்டால் விளம்பரத்தை நிறுத்தி வைப்பார்கள்.

"கூகுள் வரி" என்று ஒன்று தனியாகக் கட்ட வேண்டுமா என்றும் கேட்கிறார்கள். 2016 ஜூனில் வந்த 6 சதவீத சமன்படுத்தும் வரியைத்தான் அப்படிச் சொல்வார்கள். வெளிநாட்டு நிறுவனத்துக்கு வருஷத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் விளம்பரப் பணம் கொடுப்பவர்களுக்கானது அது. 2025 ஏப்ரல் 1 முதல் எடுத்துவிட்டார்கள். அந்தப் பெயரைச் சொல்லி யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

அப்படிப் பணம் கேட்பவர்கள் பெரும்பாலும் ஏஜென்சிகாரர்கள். நல்ல ஏஜென்சிகள் இருக்கிறார்கள், அவர்கள் வேலையை நான் மதிக்கிறேன். ஆனால் "மாசம் இருபதாயிரம் ஜிபே பண்ணிடுங்க சார், மத்ததை நாங்க பார்த்துக்கிறோம்" என்பவரிடம் எச்சரிக்கையாக இருக்கச் சொல்வேன். அந்த இருபதாயிரத்தில் விளம்பரத்துக்குப் போனது எவ்வளவு, அவர் கூலி எவ்வளவு என்பது உங்களுக்குத் தெரியாது. தளத்தின் பில் அவர் பெயரில் வரும், வரிக் கழிவும் அவருக்கே. உறவு முறிந்தால் அத்தனை வருஷ விளம்பரச் சரித்திரமும் அவரோடு போய்விடும். கணக்கு உங்கள் மெயிலில், உங்கள் பெயரில், உங்கள் பணத்தில் இருக்கட்டும். ஏஜென்சிக்குத் தேவையான அனுமதியை மட்டும் கொடுங்கள். கூகுளில் பில்லிங் மட்டும் பார்க்கும் அனுமதி என்று தனியாகவே இருக்கிறது. என்னைப் போன்ற கணக்கு எழுதுபவருக்கு அதைக் கொடுத்தால் மாதாமாதம் பில்லை நானே எடுத்துக்கொள்வேன், உங்களை அலைக்கழிக்க மாட்டேன்.

மே மாதம் வந்தால் இன்னொரு தொல்லை. மழை பிடித்து, கடல் கொந்தளித்து, டைவிங் நின்று, பலர் கடையைச் சாத்திவிட்டு ராமநாதபுரத்துக்கோ மதுரைக்கோ போய்விடுவார்கள். விளம்பரம் போகாது. போனிலிருந்து ஆப்பை நீக்கினால் விளம்பரம் நிற்கும் என்று நம்புபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்ஸ்டாகிராமில் ஒரு பதிவை பூஸ்ட் செய்யும்போது நாமே நிறுத்தும் வரை ஓடட்டும் என்ற தேர்வு இருக்கும். அதைத் தட்டிவிட்டால் ஜூலை மழையிலும் அது ஓடும், ஆளில்லாத கடைக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு விளம்பரத்துக்கும் முடிவு தேதி போடுங்கள். இலவசக் கிரெடிட் கூப்பனும் அப்படித்தான். இவ்வளவு செலவு செய்தால் அவ்வளவு இலவசம் என்று வருமே, அந்த இலவசம் தீர்ந்ததும் விளம்பரம் தானாக நிற்காது, அடுத்த ரூபாய் உங்கள் கார்டிலிருந்து போகும். நிறுத்திய பிறகும் கடைசியாக ஒரு பில் வரலாம். நிறுத்துவதற்கு முன் ஓடியதற்கான பாக்கி அது. அதைத் திருட்டு என்று எண்ணி வங்கியில் புகார் கொடுத்தால் அடுத்த சீசனில் கணக்கு முடங்கிக் கிடக்கும். கூகுளில் முன்பணம் மீதமிருந்து கணக்கையே மூடினால் மீதியைத் திருப்பித் தருவார்கள். இலவசக் கிரெடிட் மட்டும் பணமாகாது.

உண்மையான திருட்டு வேறு மாதிரி வரும். "உங்கள் பக்கம் விதியை மீறிவிட்டது, 24 மணி நேரத்தில் முடக்கப்படும்" என்று வாட்ஸ்அப்பிலோ மெசஞ்சரிலோ ஒரு லிங்க். பயந்துபோய் அதில் பாஸ்வேர்டைப் போட்டால், உங்கள் கார்டில் வேறு யாரோ, வேறு ஏதோ பொருளுக்கு விளம்பரம் ஓட்டுவார்கள். இரண்டு கட்டச் சரிபார்ப்பை இன்றைக்கே போட்டு வையுங்கள். முன்பணக் கணக்காக இருந்தால் போவது உள்ளே இருக்கும் தொகை மட்டும்தான் என்பது அந்த முறையை நான் வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணம்.

அப்படி நடந்துவிட்டால் நேரம் முக்கியம். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கைப்படி, வங்கியின் பிழையும் இல்லாமல் நம் பிழையும் இல்லாமல் பணம் போயிருந்து, வங்கியின் தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்தால் நமக்கு நஷ்டம் கிடையாது. நான்கிலிருந்து ஏழு வேலை நாள் என்றால் ஒரு வரம்பு வரை நாம் ஏற்க வேண்டும். ஓடிபியை நாமே சொல்லியிருந்தால், புகார் கொடுக்கும் வரை போன பணம் முழுதும் நம் தலையில். ஆகவே கார்டை ஆப்பில் உடனே பூட்டுங்கள். வங்கிக்குப் போன் செய்து புகார் எண்ணை எழுதி வாங்குங்கள். 1930-க்கு அழையுங்கள். ஹேவ்லாக்கிலிருந்து கப்பலுக்கு டிக்கெட் எடுத்து போர்ட் பிளேர் கிளைக்கு வந்து சொல்லலாம் என்று காத்திருக்க வேண்டாம், போனில் கொடுத்த புகாரும் புகார்தான். முப்பது நாளில் வங்கி பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தியில்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு ஆன்லைனிலேயே எழுதலாம். அதற்குக் கட்டணம் இல்லை. புகார் எண்ணும் தேதியும் கையில் இருந்தால் அந்த மனுவை நானே தமிழில் கேட்டு ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்துவிடுவேன்.